எஸ்தரம்மாவின் தொடை எலும்பு

ஆம்பூரில் ‘ஒட்டு’ என்று சொல்லி எந்தப் பொருளையும் விற்றுவிட முடியாது. ஊரில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய சொந்தக்காரர்கள். பசை வைத்து ஒட்டின ஷூ மட்டம், தைத்த ஷூ உசத்தி என்பது அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் ‘சிமெண்ட் போட்டு வைப்போம்’ என்று டாக்டர்களான நாம் சொன்னதும் அவர்கள் முகம் சுருங்குவது அதனால்தான். உங்களில் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே இதைப் பார்ப்பீர்கள்.

எலும்பு அறுவை மருத்துவராக நான் அந்தத் தோல் ஊர்களில்தான் காலம் தள்ளினேன். ஓய்வு பெற்றதும் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். வெற்றிகளை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். படித்துவிட்டு நீங்களும் கை தட்டுவீர்கள், மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் அது எதற்கும் உதவாது. என்னிடம் மிச்சம் இருப்பது கசப்புதான். அதில் ஒன்றை, ஆட்களின் பெயரை மட்டும் மாற்றி, இங்கே வைக்கிறேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

நான் அப்போது வேலை பார்த்தது நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே தலைமை அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் பெரிய டாக்டர். நான் சின்ன டாக்டரம்மா. தலை நரைத்த பிறகும் நான் சின்னவள்தான். எலும்பு டாக்டர் என்றால் ஆம்பளையாக இருக்க வேண்டும், சுத்தியல் பிடிக்கிற வேலை இல்லையா! புதிதாக வருகிற நோயாளிகள் என்னைப் பார்த்து, “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டுவிட்டு, நான்தான் டாக்டர் என்றதும் பேஜாராகிப் போவார்கள்.

பெரிய டாக்டரை நான் குறை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. அவர் கையின் வேகத்தை இன்றுவரை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. தொடை எலும்பின் உள்துளையை விரிக்கும்போது சுத்தியலின் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். “கண்ணு ஏமாத்தும், எக்ஸ்ரே ஏமாத்தும், சத்தம் ஏமாத்தாது” என்பார். முதலில் மொத்தென்று கேட்கும். மாற்று மூட்டின் உலோகத் தண்டு எலும்புக்குள் இறுகியதும் சத்தம் கணீரென்று மாறும். அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் அவர் பாடம் என்றுதான் சொல்வேன்.

அவருக்குப் புகழ் பிடித்துப் போனதில்தான் சிக்கல் வந்தது. சிமெண்ட் இல்லாத தண்டு புதிதாக அந்தப் பக்கம் வந்தபோது மருத்துவமனை வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள். ‘சிமெண்ட் இல்லாத நவீன இடுப்பு மூட்டு, மறுநாளே நடக்கலாம்’ என்று எழுதி, பக்கத்தில் பெரிய டாக்டர் கை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார். ஒட்டு என்றாலே முகம் சுளிக்கிற ஊரில் அந்த பேனர் எப்படி வேலை செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடியாத்தத்திலிருந்து, அரக்கோணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, “அந்த சிமெண்ட் இல்லாதத வெச்சிடுங்க” என்று காய்கறிக் கடையில் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

சிமெண்ட் இல்லாத தண்டு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல கெட்டியான எலும்பு உள்ளவருக்கு அது அருமையான பொருள். இறுக்கமாக இறங்கி உட்கார்ந்தால், எலும்பே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வயதான பெண்களில் பலருக்குத் தொடை எலும்பு உள்ளே அகன்று, சுவர் மெலிந்து, வெறும் குழாயாக இருக்கும். அதில் தண்டை இறுக்குவதற்கு அடித்தால் பிளக்கும், பயந்து அடிக்காமல் விட்டால் ஆடும். அந்த மாதிரி எலும்புக்கு சிமெண்ட்தான் நம்பிக்கையானது. சிமெண்ட் போடும் நேரத்தில் வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழுகிற ஆபத்து உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதற்குத்தான் நமக்குப் படிப்பு.

எஸ்தரம்மா பஸ் படியில் கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதன் பிறகும் கம்பெனியிலிருந்து வருகிற ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே தரையில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பவர். கூட வந்தவர் மகன் டேவிட், ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கணவர் இல்லை, அம்மாவும் பிள்ளையும்தான் வீடு. எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் மேலே சொன்ன குழாய் எலும்பு அப்படியே இருந்தது.

டேவிட்டை உட்கார வைத்து, சிமெண்ட் போட்டு வைப்பதுதான் நல்லது என்றேன்.

“ஒட்டு வேல வேணாம் மேடம்” என்றார் அவர். “தினம் பாக்கறோம் இல்ல நாங்க? பேஸ்டிங் போட்ட ஷூ சோலு ரெண்டு மழை தாங்காது, வாயப் பொளந்துடும். எங்க அம்மாக்கு டைட்டா அடிச்சு எறக்கறாங்களே, அதையே வெச்சிடுங்க.”

“இது ஒட்டற பசை இல்லைங்க. எலும்புக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்தை நிரப்பறது. கொத்தனார் ஜன்னல் நிறுத்திட்டு ஓரத்துல பூசறார் பாருங்க, அந்த மாதிரி.”

“அப்ப பேனர்ல போட்டிருக்கறது பொய்யா?”

நான் பதில் சொல்வதற்குள் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். டேவிட் எழுந்து நின்று கும்பிட்டு, அதே கதையை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சொன்னார். தன் அம்மா தன்னை எப்படி வளர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. பெரிய டாக்டர் அவர் தோளைத் தட்டினார். “அம்மாவுக்கு நல்லதா குடுக்கணும்னு ஆசப்படறார். குடுத்துடுவோம்” என்றார். என் கையிலிருந்த எக்ஸ்ரேவைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்ததும், “சார், எலும்பு தாங்காது” என்றேன்.

“சிமெண்ட் போட்டு டேபிள்ல பிரஷர் விழுந்தா நீ பதில் சொல்லுவியா?”

நியாயமான கேள்விதான், ஆனால் அவர் அதைப் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. மயக்க மருந்து நிபுணரிடம் பேசி எச்சரிக்கையாகப் போடலாம் என்றேன். அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அறுவை அன்று நான் எதிர்ப்பக்கத்தில் நின்றேன். அவர் கை வழக்கம்போல வேகமாகப் போனது. துளையை அரத்தால் விரித்தாயிற்று, தண்டை உள்ளே வைத்து அடிக்க ஆரம்பித்தார். அவர் எடுத்துக்கொண்டது கழுத்தில் விளிம்பு இல்லாத தண்டு. விளிம்பு இருந்தால் எலும்பின் வாயில் கொஞ்சமாவது தட்டி நிற்கும், இதற்கு அந்தத் தடையும் கிடையாது. மொத்தென்ற சத்தம் மெல்ல மாறிக் கணீரென்றது. “போதும் சார்” என்றேன். தண்டு இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அந்தக் கொஞ்சத்தை அவரால் விட முடியவில்லை. இன்னொரு அடி கொடுத்தார்.

சத்தம் செத்துப் போனது. நின்ற இடத்தைத் தாண்டித் தண்டு சடக்கென்று உள்ளே போனது. அவருக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியும். சத்தம் ஏமாற்றாது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்.

“சார், பிளந்திருக்கு. வெளிய எடுத்துட்டுக் கம்பி கட்டிடலாம்” என்றேன்.

எலும்பு பிளப்பது குற்றமில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யார் கையிலும் பிளக்கும். உடனே பார்த்து, தண்டை வெளியே எடுத்து, எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டி, கொஞ்ச காலம் அந்தக் காலில் உடம்பின் எடையைப் போடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும். பெரிய டாக்டர் எக்ஸ்ரே கருவியை இழுத்து ஒரே ஒரு கோணத்தில் படம் பார்த்தார். அந்தக் கோணத்தில் கோடு தெரியவில்லை. பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கலாம் என்றேன். “ஒண்ணும் இல்ல, மூடு” என்றார். எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

நான் வார்டுக்குப் போய், எஸ்தரம்மா அந்தக் காலைத் தரையில் தொட மட்டும் செய்யலாம், எடை போடக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டர் வீடியோ எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேனரில் ‘மறுநாளே நடக்கலாம்’ என்று இருக்கிறதே, அதற்கு ஆள் வேண்டாமா? எஸ்தரம்மாவை எழுப்பி, வாக்கரைக் கையில் கொடுத்து, முழு எடையும் போட்டு நடக்க வைத்தார். டேவிட் கை தட்டினார். எஸ்தரம்மா வலியை அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நான் அத்தனை பேர் முன்னாலும், “சார், இவங்க எடை போடக் கூடாது” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “சின்ன டாக்டருக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் என்னை அந்த மருத்துவமனையின் குடியாத்தம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்றே சொல்லலாம், அவ்வளவு சீக்கிரம் நடந்தது. அந்த வீடியோ எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. எனக்கே இரண்டு பேர் அனுப்பி, உங்கள் மருத்துவமனையாமே என்று விசாரித்தார்கள்.

குடியாத்தத்தில் நான் அதிக நாள் இருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வேலூர்ப் பக்கம் வேறு ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். மாதங்கள் போன பிறகு அங்கே என் அறைக்குள் டேவிட் வந்தார், பின்னால் சக்கர நாற்காலியில் எஸ்தரம்மா. அந்தக் கால் கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. படம் எடுத்துப் பார்த்தால், ஈர மண்ணில் நட்ட கொம்பு போல தண்டு உள்ளே இறங்கிப் போயிருந்தது.

“பெரிய டாக்டர் கிட்ட காட்டலியா?” என்றேன்.

“காட்டினோம் மேடம். அவர் மேல ஒண்ணும் தப்பு இல்ல. சூப்பரா பண்ணிக் குடுத்தாரு, வீடியோவே இருக்குது. இவங்கதான் வீட்டுக்கு வந்து சும்மா இல்லாம தரையில உக்காந்து ஷூ தெச்சிருக்காங்க. அதனாலதான் எறங்கிடுச்சுன்னு அவரே சொன்னாரு. சொல்லுங்க மேடம், நான் வேலைக்குப் போற நேரம் பாத்து இப்பிடிப் பண்ணா நான் இன்னாதான் செய்வேன்?”

எஸ்தரம்மா தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டு மூணு ஜோடிதான் டாக்டரம்மா தெச்சேன். சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்கற மாதிரி இருந்துச்சு” என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிளந்த எலும்பில் எடை போட வைத்து வீடியோ எடுத்தவர், ஷூ தைத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டார். அந்த அம்மாவும் அதை நம்பி, பிள்ளையிடம் தினம் தினம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கண்ணால் பார்க்காத பிளவைப் பற்றிப் பேச முடியாது. திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறு அறுவையில் பழைய தண்டை எடுக்க எனக்குச் சுத்தியலே தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. எலும்பின் உள்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக அந்தப் பிளவு ஓடியது. தண்டு முதன்முதலில் எங்கே உட்கார வேண்டுமோ சரியாக அங்கிருந்து தொடங்கியது, விளிம்பெல்லாம் மழுங்கிப் பழசாகியிருந்தது. ஷூ தைத்து வந்த பிளவு இல்லை அது. கம்பிகளைக் கட்டி, நீளமான தண்டாக வைத்து, கால் நீளத்தை முடிந்தவரை சரி செய்தேன். முழுக்கச் சரி செய்ய முடியவில்லை. இனி எஸ்தரம்மா கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும், தரையில் உட்காரவே முடியாது.

தேறி எழுந்து உட்கார்ந்ததும், ஒரு பகல் பொழுதில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எலும்பு எப்போது பிளந்தது, நான் என்ன சொன்னேன், பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். “உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நீங்க ஷூ தைச்சதால இது வரல” என்றேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன், சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

“அப்ப பெரிய டாக்டருக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

போர்வையின் ஓரத்தை விரலால் நீவினார். பிறகு, “இத எம் புள்ள கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லம்மா. இன்னிக்கு வந்ததும் சொல்றேன். உங்களைத் திட்டறதையாவது நிறுத்துவார்.”

“சொல்லாதீங்க டாக்டரம்மா.”

“ஏம்மா?”

“சிமெண்ட் வேணாம்னு சொன்னது யாரு? அவன்தானே? நீங்க அன்னிக்கே வேணும்னு சொன்னீங்க. அவன்தான் ஒத்தக் கால்ல நின்னான், பெரிய டாக்டர் முன்னால நின்னு அழுதான். இப்ப போய் இதச் சொன்னீங்கன்னா, எங்கம்மா கால நானே ஒடச்சிட்டேன்னு நெனச்சுப்பான். வெளிய காட்ட மாட்டான், உள்ள வெச்சிக்கினு வெந்து போய்டுவான். அவன் அப்பிடிப்பட்ட ஆளு.”

“முடிவு அவர் எடுத்தது இல்லம்மா. அவர் கேட்டார், அவ்வளவுதான். முடியாதுன்னு சொல்ல வேண்டியது டாக்டர் வேலை.”

“அது உங்களுக்குப் புரியும். பெத்த புள்ளக்கி அது ஏறாது” என்றார் எஸ்தரம்மா. “இப்ப இன்னா, அவன் பேச்ச நான் கேக்கலன்னு கத்தறான். கத்தட்டும். கத்திட்டு சோறு போட்டுக் குடுக்கறான். எனக்கு அது போதும். எம் மேலயே இருக்கட்டும், விட்டுடுங்க.”

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழியை ஒருத்தி கை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். நோயாளி சொல்லாதே என்றால், பெற்ற மகனிடம்கூட நாம் வாய் திறக்க முடியாது. அது அவர் உடம்பு, அவர் செய்தி. நீங்களும் படித்திருப்பீர்கள். பிறகு ஒரு நாள் பெரிய டாக்டரிடம் மட்டும் நேரில் போய், பிளவைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். “ஃபேமிலி ஹாப்பியாதானே இருக்காங்க?” என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தியேட்டரில் தவறு நடந்தால் அன்றைக்கே, தியேட்டர் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் டேவிட் பெரிய டாக்டரிடம் கோபப்பட்டிருப்பார், நாலு வார்த்தை கத்தியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். சொல்லாமல் விட்ட உண்மை, மாதங்கள் கழித்து வந்தபோது, தப்பு செய்தவரை விட்டுவிட்டு எதுவும் அறியாத ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்து நின்றது. நோயாளி தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் எதையும் கேட்பார். ஷூ கம்பெனிக்காரர் ஒட்டு வேண்டாம் என்றுதான் சொல்வார், அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? அவர் ஆசைப்பட்டதைக் கொடுத்தேன் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. அடித்த கை நம்முடையது.

அன்று பகல் எஸ்தரம்மாவும் நானும் பேசிக்கொண்டிருக்கும்போதே டேவிட் டிபன் கேரியரோடு வந்துவிட்டார். கட்டில் மேசையில் அதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், நீங்களே கேட்டுச் சொல்லுங்க. இவங்க மட்டும் அன்னிக்கு சும்மா இருந்திருந்தா இந்த ரெண்டாவது ஆபரேஷனே வந்திருக்காது இல்ல?”

எஸ்தரம்மா என்னைப் பார்த்தார். இனிமேல் அம்மாவுக்கு வலி கம்மியாகிவிடும், கம்பு ஊன்றி நடப்பார் என்று நான் சொன்னேன். டேவிட் கேட்டதற்கு அது பதிலில்லை என்று அவருக்கே தெரிந்து, மறுபடியும் வாயைத் திறந்தார். அதற்குள் எஸ்தரம்மா குறுக்கே பாய்ந்தார்.

“ஆமாண்டா, நான்தான் உக்காந்தேன், நான்தான் தெச்சேன். எத்தினி வாட்டி டாக்டரம்மாவக் கேப்ப? பசிக்குது, சோத்தப் போடு.”